சாரலும் கிரஷர் தூசியும்: பைக்குக்கு செராமிக் கோட்டிங் என்னதான் செய்கிறது?

புளியரையில் எஸ் வளைவு ஏறிக் கோட்டைவாசலைத் தாண்டினால் கேரளா. ஆனி, ஆடி மாதங்களில் இந்தச் சில கிலோமீட்டருக்குள் ஒரு பைக் இரண்டு விதமான மழையில் நனைந்துவிடும். ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் நின்று கொட்டும் மழை. இந்தப் பக்கம் செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தூவிவிட்டுப் போகும் சாரல். இடையில், கொல்லத்தையும் திருமங்கலத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 744-இல் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகும் லாரிகள் வரிசை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர் என்பதால் இங்கே பல குடும்பங்களுக்குச் சொந்தபந்தம் மலைக்கு இரண்டு பக்கமும் உண்டு. கல்யாணம், காதுகுத்து, வேலை, வியாபாரம் என்று பைக்குகள் ஏறி இறங்கியபடியே இருக்கின்றன.

இப்படி ஓடும் வண்டிக்கு செராமிக் கோட்டிங் அடிப்பது கொஞ்ச காலமாகப் பழக்கமாகியிருக்கிறது. முன்பு காருக்கு மட்டும் செய்த கடைகள் இப்போது பைக்குக்கும் செய்கின்றன. சில ஆயிரங்களில் தொடங்கும் கூலி, பெரிய வண்டி என்றால் பத்தாயிரத்தைத் தொடுகிறது. கடைக்காரர் சொல்லும் வாசகம் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: "அண்ணாச்சி, 9 ஹெச் கோட்டிங். ஒரு தடவ அடிச்சிட்டா மூணு வருசத்துக்குக் கோடே விழாது." இந்த வாக்கியத்தில் எவ்வளவு உண்மை, நம்ம ஊர் மழைக்கும் தூசிக்கும் இது எவ்வளவு பொருந்தும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில், பாட்டிலுக்குள் இருப்பது என்ன? பெரும்பாலான கோட்டிங்குகள் சிலிக்கானை அடிப்படையாகக் கொண்ட திரவங்கள். பாலிசிலசேன், சிலாக்சேன் என்று ரசாயனப் பெயர்கள். கரைப்பானில் கலந்திருக்கும் இந்தப் பொருள், பெயின்ட் மேல் மெல்லப் பரவியதும் கரைப்பான் ஆவியாகிறது; மிச்சம் இருப்பது காற்றில் உள்ள ஈரப்பதத்தோடு வினைபுரிந்து, கண்ணாடிக்கு உறவான சிலிக்கா வகைப் படலமாக இறுகுகிறது. பாலிசிலசேன் வகையில் இந்த வினையின்போது அம்மோனியா வெளியேறும். அடிக்கும்போது மூக்கைத் துளைக்கும் நெடிக்கு அதுவும் ஒரு காரணம். அதாவது, கோட்டிங் வெறுமனே காய்வதில்லை. காற்றிலிருந்து ஈரத்தை வாங்கி இறுகுகிறது. சாரல் காலத்தில் இந்த வேலையைச் செய்யலாமா என்ற கேள்விக்கு இது முக்கியம் என்பதால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இறுகிய படலத்தின் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான். அதற்குக் கீழே உள்ள கிளியர் கோட், அதாவது நிறத்துக்கு மேல் கம்பெனியிலேயே அடித்து வரும் நிறமில்லாத வார்னிஷ், பொதுவாக 30 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான். இந்த அளவுகளைப் பார்த்தாலே, லாரி டயரிலிருந்து தெறித்து வரும் ஜல்லித்துண்டை இந்தப் படலம் தடுக்காது என்பது தெரிந்துவிடும். அதற்கு வேறு சரக்கு இருக்கிறது: பிபிஎஃப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாலியூரிதேன் ஃபிலிம். அது 150 மைக்ரானுக்கு மேல் தடிமன் உள்ளது. கல் அடித்தால் அடியை வாங்கிக்கொள்ளும். முன் மட்கார்டுக்கும் டேங்க்கில் முழங்கால் உரசும் இடத்துக்கும் மட்டும் அதை ஒட்டிக்கொள்வது, புளியரை ரோட்டில் தினமும் லாரிக்குப் பின்னால் போகிறவருக்கு செராமிக்கைவிட அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

சரி, அந்த 9 ஹெச்? அது பென்சில் கடினத்தன்மைச் சோதனையின் அளவு. பல தரத்துப் பென்சில்களை வரிசையாக எடுத்து, 45 டிகிரி சாய்வில், 750 கிராம் எடையோடு படலத்தின் மேல் தள்ளிப் பார்ப்பார்கள். எந்தப் பென்சில் வரை கீறல் விழவில்லையோ அதுவே அந்தப் படலத்தின் தரம். 9 ஹெச்தான் அந்த வரிசையில் கடைசிப் பென்சில். பென்சிலின் உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். நம் ரோட்டில் பறப்பதோ உடைத்த பாறையின் பொடி. அதில் குவார்ட்ஸ் இருக்கிறது. கனிமங்களின் கடினத்தை அளக்க ஃபிரெட்ரிக் மோஸ் 1812-இல் வகுத்த அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. கத்தி எஃகில் பலவற்றையே கீறக்கூடிய பொருள் அது. இந்த இரண்டு அளவுகோலையும் குழப்பிக்கொண்டு, மோஸ் அளவில் வைரத்துக்கு 10, நம் கோட்டிங் 9, ஆக வைரத்துக்கு அடுத்தபடி என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். படலம் எவ்வளவு கடினமாக இருந்தாலும் அது உட்கார்ந்திருப்பது அதைவிட மென்மையான வார்னிஷ் மேல். கீழே அமுங்கினால் மேலேயும் போகும்.

ஆகவே தூசி படிந்த டேங்க்கைப் பழைய பனியன் துணியால் உலர்வாகத் துடைத்தால், கோட்டிங் இருந்தாலும் கோடு விழும். வெயிலில் பார்க்கும்போது சிலந்தி வலை போல வட்டம் வட்டமாகத் தெரிகிறதே, அந்தக் கோடுகளில் பெரும்பகுதி ரோட்டில் விழுந்தவை இல்லை. காலையில் வண்டியை எடுக்கும் முன் அன்போடு துடைத்ததில் விழுந்தவை.

அப்படியானால் கோட்டிங் எதற்கு? அதன் உண்மையான வேலை, தண்ணீரையும் அழுக்கையும் ஒட்டவிடாமல் செய்வது. ஒரு தண்ணீர்த் துளி ஒரு பரப்பில் உட்காரும்போது அதன் ஓரம் பரப்போடு சேரும் கோணத்தை வைத்து இதை அளக்கிறார்கள். 90 டிகிரிக்குக் குறைவென்றால் துளி படுத்துப் பரவும். கூடினால் உருண்டையாக நிற்கும். நல்ல கோட்டிங்கில் இந்தக் கோணம் 100-ஐத் தாண்டி 110 டிகிரி வாக்கில் இருக்கும். தாமரை இலையில் 150-க்கும் மேல். விளம்பரத்தில் இரண்டையும் ஒன்றாகக் காட்டுவார்கள், ஆனால் தாமரை இலைக்கு அந்தக் குணம் அதன் மெழுகால் மட்டும் வந்ததில்லை. இலைப்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மேடுகள் இருக்கின்றன. வழவழப்பான பரப்பில் ரசாயனத்தால் மட்டும் எட்டக்கூடிய உச்சம் சுமார் 120 டிகிரி. பைக் டேங்க் பளபளக்க வேண்டும் என்றால் வழவழப்பாக இருந்தே ஆக வேண்டும். ஆக தாமரை இலைத் தண்ணீர் போல் அது ஆகவே ஆகாது.

நம் ஊருக்கான விஷயம் இங்கேதான் வருகிறது. துளி உருண்டையாக நிற்பது வேறு, உருண்டு ஓடுவது வேறு. துளியைக் கீழே இழுப்பது அதன் எடை. பிடித்து வைத்திருப்பது பரப்போடு அது தொட்டுக்கொண்டிருக்கும் ஓரம். துளியின் விட்டம் பாதியானால் பிடிப்பும் பாதியாகிறது, ஆனால் எடை எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. அதனால் பெரிய துளி சரிந்து ஓடும். சின்னத் துளி நின்ற இடத்திலேயே நிற்கும். தென்மலையில் கொட்டும் மழையில் கோட்டிங் அடித்த டேங்க்கைப் பாருங்கள்: தண்ணீர் திரண்டு, அழுக்கையும் இழுத்துக்கொண்டு ஓடிவிடும். மழை நின்று பத்து நிமிடம் வண்டி ஓடினால் பாதி சுத்தமாகிவிடும். அதே வண்டி இறங்கிவந்து செங்கோட்டையில் சாரலில் நின்றால், டேங்க்கின் மேல்பகுதி முழுக்க ஆயிரக்கணக்கான நுண்துளிகள் அசையாமல் நிற்கும். ஐந்து நிமிடத்தில் வெயில் வரும். துளி சுருங்கிக் காயும். காற்றில் இருந்து அதற்குள் வந்த தூசியும் சுண்ணமும் ஒரு புள்ளியாக அங்கேயே தங்கிவிடும். கோட்டிங் இல்லாத வண்டியில் தண்ணீர் பரவிக் காய்வதால் மொத்தமாக ஒரு மங்கல் தெரியும். கோட்டிங் அடித்ததில் அம்மைத் தழும்பாகத் தெரியும். கருப்பு வண்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

கோட்டிங் வேலை செய்வதால்தான் இது நடக்கிறது. "அடிச்ச பிறகு கறை அதிகமாயிருச்சு" என்று கடையில் சண்டை போடுகிறவர்களுக்கு இதை யாரும் விளக்குவதில்லை. சாரல் புள்ளியை அன்றைக்கே ஈரத்துணியால் எடுத்துவிடலாம். வாரக்கணக்கில் விட்டு, மேலே மேலே படிந்தால்தான் எடுப்பது கடினம்.

மழைத் தண்ணீரைவிட மோசமானது போர் தண்ணீர். மலையடிவாரத்தை விட்டுக் கிழக்கே போகப் போகப் பல இடங்களில் தண்ணீர் சப்பென்று இருக்கும். கால்சியமும் மெக்னீசியமும் கூடிய கடின நீர். அதில் கழுவி வெயிலில் காயவிட்டால் வெள்ளை வளையங்கள் வரும். வீட்டில் ஆர்ஓ மெஷின் வைத்திருப்பவர்கள் அதிலிருந்து கழியும் தண்ணீரை வாளியில் பிடித்து வண்டி கழுவுகிறார்கள். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான், ஆனால் மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தக் கழிவுத் தண்ணீரில்தான் இருக்கிறது. அதைத் தரை கழுவவோ கழிப்பறைக்கோ வைத்துக்கொள்ளுங்கள். பைக் மேல் ஊற்ற வேண்டாம். கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஆற்றுத் தண்ணீர் வரும் குழாயில் பிடித்ததோ, மொட்டை மாடியில் சேர்ந்த மழைத் தண்ணீரோ இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஏற்கெனவே படிந்த வளையங்களுக்கு வினிகரைத் தண்ணீரில் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்து, உடனே நிறையத் தண்ணீரில் அலசினால் சுண்ணப் படிவு கரையும். வெயிலில் சுடும் டேங்க் மேல் இதைச் செய்யாதீர்கள்.

பறவை எச்சமும் இதே கணக்குதான். வெயில் சூட்டில் அது வார்னிஷைக் கெடுக்கிறது. கோட்டிங் கொஞ்சம் அவகாசம் தரும், அவ்வளவுதான். கேரளப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் மர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்தால் எச்சம், பிசின் எல்லாம் சேர்ந்திருக்கும்; தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுத்தால் கோட்டிங் அடித்த பரப்பில் சுலபமாக வந்துவிடுகிறது. ஆயுத பூஜைக்கு வைக்கும் சந்தனம், குங்குமமும் அப்படியே. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்த அசல் குங்குமமாக இருந்தால் வெயில் பட்டுக் கொஞ்ச நாளில் மங்கிவிடும். சாயம் கலந்த கடைக் குங்குமம் வெள்ளை டேங்க்கில் மாதக்கணக்கில் நிற்கும். சாமி கும்பிட்ட மறுநாள் துடைத்துவிட்டால் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கடைகளில் கோட்டிங்கோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு பெயர் டெஃப்லான். ஷோரூமில் புது வண்டி எடுக்கும்போது பில்லோடு சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். டெஃப்லான் எனப்படும் பிடிஎஃப்இ, 1938-இல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த பொருள். எதோடும் ஒட்டாது என்பதே அதன் பெருமை. தோசைக்கல்லில் அதைப் பிடிக்கவைக்க 300 டிகிரிக்கு மேல் சுட வேண்டியிருக்கிறது. அந்தச் சூட்டில் பைக் பெயின்ட் மிஞ்சாது. சாதாரணக் கடையில் துணியால் தேய்க்கும் டெஃப்லான் பாலிஷ் சில மாதம் பளபளக்கும், பிறகு போய்விடும். கிராஃபீன் (கார்பனின் மிக மெல்லிய தாள் வடிவம்) கோட்டிங் என்று வருபவை பெரும்பாலும் இதே சிலிக்கா குடும்பத்துத் திரவத்தில் கொஞ்சம் கிராஃபீன் கலந்தவை. கூடுதல் விலைக்கு ஏற்ற கூடுதல் பலன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி அடிக்கும் முறை. கோட்டிங் என்பது கடைசி அரை மணி நேர வேலை. அதற்கு முந்திய தயாரிப்புதான் கூலிக்கு உரியது. முதலில் ஷாம்பூ வாஷ். அப்புறம் தார்ப்புள்ளிகளை எடுக்க வேண்டும். பிரேக்கிலிருந்தும் ரோட்டிலிருந்தும் வந்து பெயின்ட்டில் குத்தி நிற்கும் இரும்புத் துகள்களுக்குத் தனித் திரவம் உண்டு. அடித்ததும் ஊதா நிறமாக வழியும், நாற்றம் குடலைப் புரட்டும். பிறகு களிமண் போன்ற ஒரு கட்டியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, விரலுக்குத் தட்டுப்படும் சொரசொரப்பை நீக்குகிறார்கள். அதற்கும் பிறகு மெஷின் பாலிஷ். முன்பு விழுந்த கோடுகளை இந்தக் கட்டத்தில் எடுக்காவிட்டால், கோட்டிங் அவற்றின் மேல் கண்ணாடி போட்டது போல நின்று காட்டிக்கொடுக்கும். பைக்கில் இந்தப் பாலிஷ் வேலை காரைவிடச் சிக்கல்: வளைவு அதிகம், இடம் குறைவு, ஓரங்களில் வார்னிஷ் மெல்லியது. தினசரி வேலைக்கு ஓட்டும் பல கம்யூட்டர் வண்டிகளில் ஸ்டிக்கர் வார்னிஷுக்கு மேலேயே ஒட்டியிருப்பதால், மெஷின் பட்டால் ஓரம் பிய்ந்து வந்துவிடும்.

கடைசியாக ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, பாலிஷின் எண்ணெய்ப் பசையை எடுத்த பிறகே கோட்டிங். சில சொட்டுகளை அப்ளிகேட்டரில் விட்டு, குறுக்கும் நெடுக்குமாகத் தேய்க்கிறார்கள். சற்று நேரத்தில் வானவில் போல நிறங்கள் மின்னும். அதுதான் துடைக்க வேண்டிய நேரம். மைக்ரோஃபைபர் துணியால் சமமாகத் துடைத்துவிட வேண்டும். இதைத் தவறவிட்டால் அங்கே திட்டாக இறுகிவிடும். அப்புறம் பாலிஷ் போட்டு வழித்துத்தான் எடுக்க வேண்டும். முதல் 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது, ஒரு வாரம் ஷாம்பூ கூடாது என்பது பொதுவான கணக்கு.

முன்னால் சொன்ன ஈரப்பதம் இங்கே வருகிறது. காற்றில் ஈரம் அதிகம் என்றால் கோட்டிங் வேகமாக இறுகத் தொடங்கும்; துடைக்கக் கிடைக்கும் நேரம் குறையும். சாரல் காலத்தில், செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் காற்று தூசியையும் வாரிக்கொண்டு வரும்போது, ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு ரோட்டோரக் கடையில் அடித்தால் படலத்துக்குள் தூசியும் சேர்ந்து இறுகும். ஒரு நாள் நனையாமல் வைத்திருப்பதும் அந்தப் பருவத்தில் நம் கையில் இல்லை. வடகிழக்குப் பருவமும் முடிந்து, வெயில் இன்னும் ஏறாத தை, மாசிதான் இந்தப் பக்கத்துக்குச் சரியான காலம். பங்குனிக்கு மேல் என்றால் விடியற்காலையில், மூடிய அறையில். புனலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கேரளாவிலேயே கோடையில் அதிகம் கொதிக்கும் ஊர்களில் ஒன்று அது.

வீட்டிலேயே செய்யலாமா? பொறுமை இருந்தால் செய்யலாம். 30 மில்லி பாட்டில் ஒரு பைக்குக்குத் தேவைக்கு மேல். ஆனால் திறந்த பாட்டிலுக்குள் காற்றின் ஈரம் போனால் மிச்சம் உள்ளேயே இறுகிப்போகும். அடுத்த வருடத்துக்கு வைக்க முடியாது. இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தங்கள் வண்டிகளுக்கு அடித்துக்கொள்வது உத்தமம்.

அடித்த பிறகு வாட்டர் வாஷ் கடைக்கு விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். பல இடங்களில் முதலில் டீசலோ மண்ணெண்ணெயோ அடித்து, அப்புறம் காரமான சோப் ஆயில் போட்டு, பிரஷரில் கழுவுகிறார்கள். டீசலின் மெல்லிய எண்ணெய்ப் படலம் கோட்டிங்கை மூடிவிடும், தண்ணீர் உருளாது. காரம் அதிகமான சோப்பு சிலிக்காவையே மெல்ல அரிக்கும். மாதத்துக்கு இரண்டு முறை இப்படிக் கழுவும் வண்டிக்கு மூன்று வருடக் கோட்டிங் ஒரு வருடம் தாண்டுவது கடினம். சொந்தமாக, நிழலில், முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றித் தூசியை ஓடவிட்டு, நுரையோடு கையால் கழுவி, மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுக்கிற ஆளுக்குத்தான் இந்தச் செலவு பலிக்கும். அப்படிக் கழுவ நேரமில்லாதவர், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்பிரே சீலன்ட் (தெளித்துத் துடைக்கும் தற்காலிகப் பூச்சு) அடித்துக்கொண்டு மிச்சப் பணத்துக்கு நல்ல டயர் போடலாம்.

தண்ணீர் உருளவில்லை என்றால் கோட்டிங் போய்விட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பல நேரம் மேலே தூசியும் சுண்ணமும் அடைத்துக்கொண்டிருக்கும். நன்றாகக் கழுவி, சுண்ணப் படிவை எடுத்த பிறகு திரும்பப் பாருங்கள், உருண்டால் இருக்கிறது. வாரண்டி அட்டையில் பெரும்பாலும் குறித்த இடைவெளியில் அதே கடைக்கு வந்து பராமரிப்பு செய்ய வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் என்று பொடி எழுத்தில் இருக்கும். பணம் கொடுக்கும் முன் அதைப் படித்துவிடுவது நல்லது.

கொல்லம் கடற்கரை வரை போய்வருகிற வண்டிகளுக்கு ஒரு வார்த்தை. உப்புக் காற்று கடிப்பது செயின், ஸ்போக், போல்ட், சைலன்சர் மூட்டு போன்ற இரும்புப் பகுதிகளை. டேங்க்கில் அடித்த கோட்டிங் அவற்றுக்கு ஒன்றும் செய்யாது. நல்ல தண்ணீரில் அலசி, எண்ணெய் போட வேண்டியதுதான். அலாய் வீலுக்குக் கோட்டிங் அடித்தால் பிரேக் தூசி சுலபமாகக் கழன்று வரும், அது உபயோகம்தான். ஆனால் அடிக்கும்போது டிஸ்க்கை மூடிவிட்டு அடிக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். டிஸ்க், பிரேக் பேட், டயர், சீட், கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட் இவற்றில் ஒரு சொட்டும் படக் கூடாது. வழுக்கும், பிரேக் பிடிக்காது. சைலன்சர் பைப்புக்கு டேங்க் கோட்டிங் தாங்காது, சூடு தாங்கும் வகை தனியாக உண்டு. மேட் ஃபினிஷ் வண்டி என்றால் பாலிஷ் மெஷினை அருகிலேயே விடாதீர்கள்: ஒரு முறை மெருகேறிய இடம் பிறகு மேட் ஆகாது. மேட்டுக்கு என்றே தனி கோட்டிங் இருக்கிறது. கடையில் அது இல்லை என்றால், "இதையே அடிச்சிரலாம் அண்ணாச்சி" என்று அவர் சொல்லும்போது சாவியைக் கொடுக்காமல் வந்துவிடுங்கள்.